ஓடாதவர் உள்ளே

தோழர்களே, சட்டப் பிரிவா அடுக்கிக்கிட்டே போனா நீங்க டீக்கடைப் பக்கம் நழுவிடுவீங்க. அதனால நடந்ததை ஒரு குட்டிக் கதையா சொல்றேன்... கேளுங்க.

தூத்துக்குடிப் பக்கம் சூசைமரியான்னு ஒரு வேன் டிரைவர். ஒருத்தன் வந்து "மூட்டை ஏத்தணும்"னான். இவரும் ஏத்தி, சொன்ன இடத்துல இறக்கிட்டார். மூட்டையில வெடிமருந்து. மூட்டைக்காரன் ஓடிட்டான். ஸ்டேஷன்ல இருந்து சூசைமரியானுக்குப் போன். "சின்ன விசாரணைதான், வந்துட்டுப் போங்க." மனுஷன் சட்டையை மாட்டிக்கிட்டு அவரே நடந்து போனார். வந்தார்... ஆனா போகல.

என்ன வழக்கு? நாட்டுக்கு எதிரா சதின்னு, லேசுல ஜாமீன் கிடைக்காத ஒரு சட்டத்துல. ஜாமீன் கேட்டாங்க. அரசு வக்கீல் எந்திரிச்சார். "ஐயா, குற்றச்சாட்டு கடுமையானது. விட்டா ஓடிடுவார்." எப்படி இருக்கு? கூப்பிட்டதும் தானா நடந்து வந்தவர் ஓடிடுவாராம். தள்ளுபடி. மறுபடி மனு... மறுபடி அதே பாட்டு... தள்ளுபடி.

வருஷம் ஓடுது. அவங்கப்பா செத்துட்டார். முகம் பாக்க அனுமதி கேட்டார். கொடுத்தாங்களே, பெரிய மனசு பண்ணி... அடக்கம் முடிஞ்சப்புறம். அவர் சம்சாரம் பனிமயம் ஜெயிலுக்குப் பாக்கப் போனாங்க.

"மண்ணு போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"யாரு போட்டா?"

"நம்ம மவன்தான்."



கடைசியா ஹைகோர்ட். ஒரு நீதிபதி அம்மா கேட்டாங்க. "சாட்சி எத்தனை பேர்?"

"நூத்தி எழுபது பேர், அம்மா."

"எத்தனை பேரை விசாரிச்சீங்க?"

"விசாரணை இன்னும் தொடங்கல. முக்கியமான எதிரி, அந்த மூட்டைக்காரர், தலைமறைவா இருக்கார்."

"அப்ப, ஓடினவர் வெளிய இருக்கார். ஓடாதவர் உள்ள இருக்கார். அப்படித்தானே?"

அரசு வக்கீல் கேஸ் கட்டைப் புரட்டினார்... புரட்டினார்...

அந்தம்மா சொன்னாங்க. "இந்தச் சட்டத்துல ஜாமீன் கஷ்டம்தான், ஒத்துக்கறேன். ஆனா இதுக்கு மேல அரசியல் சட்டம் இருக்கு. விசாரணையும் நடத்த மாட்டோம், ஆளையும் விட மாட்டோம்னா, அதுக்கு அங்க இடமில்ல." ஜாமீன் கொடுத்தாங்க.

வெளிய வந்தவர் நேரா கல்லறைக்குப் போனார். ரொம்ப நேரம் நின்னார். பனிமயம்தான் கையைப் பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. இன்னைக்கும் வாய்தா தவறாம போறார். விசாரணை?... அதுவும் தலைமறைவு.

எதுக்குச் சொல்றேன்? குத்தவாளியை விட்டுடுன்னா சொல்றேன்? இல்ல. குத்தவாளியான்னு முதல்ல விசாரிங்கிறேன். உயிரையும் சுதந்திரத்தையும் நியாயமான வழியில்லாம பறிக்கக் கூடாதுன்னு அரசியல் சட்டத்தோட இருபத்தொண்ணாவது பிரிவு சொல்லுது. சின்ன கேஸுக்கு மட்டும்னு அதுல போட்டிருக்கா? குற்றச்சாட்டு எவ்வளவு பெருசோ, விசாரணை அவ்வளவு சீக்கிரம் நடக்கணும். நாளைக்கு அவர் நிரபராதின்னே தீர்ப்பு வரட்டும்... போன வருஷங்களை எந்தக் கோர்ட்டு திருப்பிக் கொடுக்கும்? நீங்களே சொல்லுங்க.