ஊதிட்டு உள்ள வாங்க

— அதெல்லாம் ஆகாது. ஊதிட்டு உள்ள வாங்க.

— இன்னைக்கி ஒரு நாளு விடு மூக்கம்மா. மழையில நனைஞ்சு வந்திருக்கேன்லா.

— மழைக்கும் ஊதுறதுக்கும் என்ன இருக்கு? பெரியவள ஒண்ணாம் கிளாசுல சேத்த வருசம் குடிய விட்டிய. அவ இப்ப பத்து எழுதப் போறா. இத்தனை வருசத்துல ஊதாம வாசப்படி தாண்டுனது உண்டா? இன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு?

— ஒண்ணும் வரல. சும்மா.

— சும்மாவா? நல்லாருக்கு கதை. என்னைப் பாத்துச் சொல்லுங்க. எதுக்குத் தலைய அந்தப் பக்கம் திருப்புதிய? கன்னம் வேற புடைச்சிருக்கு. வாய்க்குள்ள என்ன?

— கிராம்பு.

— என்னது?

— கிராம்புதான். ஏளா, அப்படிப் பாக்காத. சாரமில்ல, பயப்படாத, வெறும் கிராம்பு.

— எம் பேராச்சி! மறுபடியும் கிராம்பா?

— கோடவுன்ல கிராம்பு மூட்டை எறக்குனா லோடுக்காரன் வாயில வேற என்ன கெடக்கும்?

— குடிக்கிற காலத்துலயும் இதத்தான் சொல்லுவிய. மொளகு மூட்டை எறக்குன அன்னைக்கும் வாயில கிராம்பு கெடக்கும். அந்த மணத்த வச்சு இந்த மணத்த மூடிட்டதா நெனப்பு.

— அது அப்ப. இப்ப நான் குடிக்கல.

— குடிக்கலன்னா ஊதுங்க.

— ஊதுனா கிராம்புதான மணக்கும்? குடிச்சிருந்தாலும் கிராம்பு, குடிக்காட்டியும் கிராம்பு. ஒனக்கு எதத் தெரியும்? நீ நம்ப மாட்ட. நீ நம்பாமப் பாக்குத பார்வைய இன்னொருக்கா என்னால தாங்க முடியாது. அதான் வேண்டாம்ங்கேன்.

— நம்புறதும் நம்பாததும் எம்பாடு. கிட்ட வாங்க.

— வேற யாருகிட்டன்னாலும் ஊதிருவேன். ஒங்கப்பன் தெரிஞ்சுதானே ஒனக்கு மூக்கம்மாள்னு பேரு வச்சாரு? நான் தெருமுக்குல திரும்பும்போதே எந்த ஷாப்பு சாராயம்னு சொல்லிருவியே. எங்கூட்டத்துல ஒன்ன போலீஸ் நாயின்னுல்லா சொல்லுவானுவ!

— அது அந்தக் காலம். பேச்ச மாத்தாதிய. கோடவுன் பூட்டி எவ்வளவு நேரமாச்சு? ஒரு பீடி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வந்துருத தூரத்துக்கு எங்கெங்க சுத்திட்டு வாரிய?

— போட்டு ஜெட்டி வழியா வந்தேன், படகுத்துறையச் சுத்தி.

— ஜெட்டி வழியாவா? அந்தால தண்ணியில விழுந்து நீந்தி வந்திருக்கலாமே. வீட்டுக்கு வாரதுக்கு யாராவது ஜெட்டி வழியா வருவாகளா?

— வேற வழி இல்லாதவன் வருவான்.

— என்ன வழி இல்ல உங்களுக்கு?

— நீயே நெனச்சுப் பாரு. கோடவுன்ல இருந்து வர ரெண்டு வழிதான் உண்டு. கொச்சங்காடி வழியா வந்தா சாராய ஷாப்பு. சேட்டு தெரு வழியா வந்தா மிட்டாய்க் கடை. குடிய விட்ட நாள்ல இருந்து நான் ஷாப்பு வழிய மிதிச்சதில்ல. சேட்டு கடையில நின்னு, ஜிலேபிய இலையில வாங்கி, நடந்துக்கிட்டே தின்னுக்கிட்டு வருவேன். விரல நக்கி முடிக்கவும் வீடு வரவும் சரியா இருக்கும். இப்ப ஒன் டாக்டரம்மா அந்த வழியவும் அடைச்சுப் போட்டா. பஞ்சார தொடவே பாடில்லங்கா, சீனிய கண்ணாலயும் பாக்கக் கூடாதாம். ரெண்டையும் அடைச்சா மனுசன் எது வழியா வீட்டுக்கு வருவான்?

— என் டாக்டரம்மாவா? கால்விரல் புண்ணு மாசக்கணக்கா ஆறாம கெடக்கே, அது எம் புண்ணா? இன்னும் இனிப்புத் தின்னா விரல எடுக்கணும்னு அவ சொன்னப்ப எங்கையப் புடிச்சிக்கிட்டு நடுங்குனது யாரு?

— நான் நடுங்கல. அங்க ஃபேன் காத்து.

— நல்லாருக்கு கதை.

— இங்க பாரு மூக்கம்மா, சாயாக்கடையில நான் படுத பாடு ஒனக்குத் தெரியாது. முந்தியெல்லாம் நான் போய் உக்காந்தா கேக்காமலே நாலு கரண்டி பஞ்சார போட்டுத் தருவாரு அந்த மலையாளத்துக்காரச் சேட்டன். இப்ப என்னப் பாத்ததும் அடுப்பப் பாத்து ஒரு கத்து கத்துதாரு. சங்கரலிங்கத்தினு ஒரு வித்தவுட்டேய்! சீனி போடாத சாயாவுக்கு இங்க அதான் பேரு. பெஞ்சில இருக்கவன் அத்தனை பேரும் திரும்பிப் பாக்கான். நம்ம ஊர்ல வித்தவுட்டுன்னா ரயில்ல டிக்கட் எடுக்காம ஏறுனவன்லா? எனக்குச் சட்டையப் புடிச்சு எறக்கி விட்ட மாதிரி இருக்கு.

— சிரிப்புக் காட்டாதிய. நான் சிரிக்க மாட்டேன்.

— சிரிச்சிட்ட.

— இல்ல. அந்தச் சாயாவ குடிச்சியளா?

— குடிச்சேன். மருந்து மாதிரி மூச்சப் புடிச்சிக்கிட்டுக் குடிச்சேன். ஏளா, என்னமோ கரியுது.

— எங்க?

— எங்கயா? ஒன் அடுப்புலதான். தெரு வரைக்கும் வருதே!

— ஐயோ, பயறு! இருங்க, எறக்கி வச்சிட்டு வாரேன்.

— வாசல்ல நிக்க எனக்குத் தெரியுது, அடுப்புக்குப் பக்கத்துல நிக்க ஒனக்குத் தெரியலயா?

— உங்ககூட மல்லுக்கு நின்னா எனக்கு எது தெரியும்? அடியில கொஞ்சம் புடிச்சிட்டு, அவ்வளவுதான். நீங்க அங்கயே நில்லுங்க. உள்ள வரப்புடாது.

— பிள்ளைய எங்க?

— பக்கத்து வீட்டு சரோஜம்மாகிட்ட டிவி பாக்கப் போயிருக்குதுக. வாரதுக்குள்ள ஊதுங்க. பெரியவ முன்னால இந்தக் கூத்து வேண்டாம்.

— குடிய விடும்போது தங்கையா அண்ணன் சொன்னது ஞாபகம் இருக்கா ஒனக்கு? அந்த நேரம் வரும்போது ஒரு கை சீனிய அள்ளி வாயில போடுடா, நாக்கு எதக் கேட்டுச்சுன்னு அதுக்கே மறந்து போகும்னாரு. அவரும் அப்படித்தான் விட்டாராம்.

— ஞாபகம் இல்லாமலா? டப்பாவத் தூக்கிட்டு உங்க பின்னாலயே நடந்தவ நானு. ரேஷன் சீனி முச்சூடும் உங்களுக்குத்தான். பிள்ளைய வெறுங்காப்பி குடிச்சுதுக. இப்ப நெனச்சா வயிறு எரியுது. சீனிய ஊட்டி ஊட்டி இந்த வியாதிய கொண்டாந்ததே நாந்தானோன்னு இருக்கு.

— அப்படிச் சொல்லாத. அந்தச் சீனி இல்லன்னா நான் அப்பவே செத்திருப்பேன். பட்சே ஒண்ணு சொல்லுதேன் கேளு. சாராயத்த விட்டப்ப கையில சீனி இருந்துச்சு. இப்ப சீனிய விடுதேன், கையில என்ன இருக்கு? அந்தி ஆச்சுன்னா கையும் காலும் ஏங்குது மூக்கம்மா. பசி இல்ல, தாகம் இல்ல. எதுக்கோ ஏங்குது. பாகக்காய்ச் சாறு குடிச்சா அது போகுமா?

— இன்னைக்கும் ஏங்குச்சா?

— ஏங்குச்சு.

— எங்க போனிய? மறைக்காமச் சொல்லுங்க. நான் கத்த மாட்டேன்.

— சேட்டு தெருவுலதான் போனேன். சும்மா பாத்துட்டுப் போவோம்னு. மழையில சுடச்சுட போட்டுக்கிட்டிருக்கான். எண்ணெய்ச் சட்டியில இருந்து பாகுல முக்கி எடுக்கும்போது ஒரு மணம் வருமே, அந்த மணத்துல நின்னுட்டேன். சேட்டு என்னப் பாத்ததும் இலைய மடக்குதாரு. நான் வாயத் தொறக்கவே இல்ல. இலைய நீட்டுதாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. இன்னும் ஒரு நொடி நின்னா வாங்கித் தின்னுருவேன்னு பயந்து, வேண்டாம் சேட்டுன்னுகூடச் சொல்லாம ஓடி வந்துட்டேன்.

— அப்புறம்?

— ஓடி வந்த வேகத்துல எங்க வந்து நிக்கேன்னு பாத்தா, ஷாப்பு முன்னால.

— முருகா!

— உள்ள முப்பிடாதி இருக்கான். எங்கூட மூட்டை தூக்குனானே, அவன்தான். வா மாப்ளங்கான். எத்தனை வருசம் ஆச்சு, என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கணுமே! நேத்து வந்துட்டுப் போனவனுக்கு விடுத மாதிரி பெஞ்சில நகந்து எடம் விடுதான். அந்த எடத்தப் பாத்தேன் மூக்கம்மா. எனக்குன்னு வச்சிருந்த எடம் மாதிரியே இருந்துச்சு. படியில ஒரு காலத் தூக்கி வச்சிட்டேன்.

— வச்சிட்டியளா?

— வச்சேன். அப்பத்தான் நாக்குல சுருக்குன்னு உறைக்குது. கிராம்பு. எப்ப வாயில போட்டேன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. கை தானா மடிக்குப் போயி, எடுத்துப் போட்டிருக்கு. குடிச்சிட்டுப் போடுறத, குடிக்கிறதுக்கு முந்தியே போட்டிருக்கேன் பாரு!

— நீங்க பேசுங்க. நான் கேக்கேன்.

— கிராம்பு யாருக்காகப் போடுறது? ஒம் மூக்குக்காகத்தானே? உறைச்சதும் ஒம் மூக்குதான் முன்னால வந்து நிக்குது. இந்த வாய அவகிட்ட கொண்டுபோய் ஊதணுமேன்னு நெனச்சேன். வச்ச கால எடுத்துட்டேன். முப்பிடாதி ஏசுதான். நான் திரும்பிப் பாக்கல. ரெண்டு தெருவும் எனக்கு வேண்டாம்னு ஜெட்டிக்கு நடந்தேன். அங்க போயி நின்னு தண்ணியப் பாத்தேன். அப்புறம் வீட்டுக்கு வந்தேன்.

— கிராம்பத் துப்பிட்டு வந்திருக்கலாம்லா?

— துப்பிட்டா வாயில என்ன இருக்கும்? சீனியும் இல்லயே.

— கிட்ட வாங்க.

— நம்புவியா?

— கிட்ட வாங்கன்னேன்.

— இந்தா வந்துட்டேன்.

— இன்னும் கிட்ட. குனிங்க. ஆ, இப்ப ஊதுங்க.

— ஃபூ.

— இன்னொருக்கா.

— ஃபூ. என்ன, நாக்கயும் காட்டணுமா?

— இன்னும் ஒருக்கா. மெதுவா.

— ஃபூ… போதுமா? ஏளா, எதுக்கு அழுத? குடிக்கலன்னு சொல்லுதேன்லா!

— குடிக்கலன்னு தெரியும். உள்ள வாங்க. தலையத் தொடைங்க, இந்தாங்க துண்டு.

— எப்படித் தெரியும்? கிராம்புதான மணத்துச்சு?

— இல்ல.

— கிராம்பு மணக்கலயா? கடிச்சு மென்னுருக்கேன், தெருவே மணக்குது. பொய் சொல்லாத.

— எனக்கு மணக்கல. எனக்கு எதுவுமே மணக்காதுங்க.

— என்னது?

— நீங்க குடிய விட்டதுக்கு அடுத்த மழைக்கு நான் காய்ச்சல்ல கெடந்தேனே, நெனவு தப்பி. பொழச்சு எந்திரிச்சேன். அன்னையில இருந்து மணமே இல்ல. மூக்குன்னு ஒண்ணு சும்மா மூஞ்சில இருக்கு.

— வெறுதே, சும்மா சொல்லாத.

— மீன் வாங்குனா சரோஜம்மாகிட்ட காட்டித்தான் நல்லதான்னு கேப்பேன். பூ வச்சா தலையில கனம்தான் தெரியும். பயறு கரிஞ்சத நீங்கதான சொன்னிய? ஏலக்கா மூட்டை தூக்கிட்டு வந்த அன்னைக்கு உங்க சட்டையில ஒரு மணம் இருக்கும். அது எனக்கு அவ்வளவு புடிக்கும். தொவைக்கிறதுக்கு முன்னால சட்டைய மூஞ்சில பொத்தி வச்சுக்கிட்டு நிப்பேன், இன்னைக்காவது வருமான்னு. வரவே இல்ல.

— இத்தனை வருசமும் நான் ஊதுனது?

— ஊதுனிய. அவ்வளவுதான்.

— அப்ப நான் எந்த மூக்குக்கு பயந்துக்கிட்டு… ஏளா, ஒரு வார்த்தை சொல்லிருக்கக் கூடாதா?

— சொன்னா உங்களுக்கு பயம் போயிருமே.

— நான் குடிச்சிட்டு வந்திருந்தா எப்படிக் கண்டுபுடிச்சிருப்ப?

— குடிச்ச அன்னைக்கு நீங்க ஊத மாட்டிய. தலையத் திருப்பிக்கிட்டு, இன்னைக்கி ஒரு நாளு விடுன்னு சொல்லுவிய. குடிக்கிற காலத்துல எப்பவும் அப்படித்தான். இன்னைக்கும் அதயேதான் சொன்னிய. எனக்குப் பாதி உசிரு போயிட்டு. அப்புறம் கிட்ட வந்து ஊதுனியளே, அதுலதான் தெரிஞ்சுச்சு.

— கெட்டிக்காரிதான். பட்சே இப்ப சொல்லிட்டியே மூக்கம்மா. படியில வச்ச கால நான் எடுத்ததே ஒம் மூக்க நெனச்சு. அந்த மூக்கும் இல்லன்னு ஆகிப்போச்சு. சீனியும் கெடையாது. நாளைக்கி அந்தி வரும்லா, நாளைக்கி நான் எதப் புடிச்சுக்கிட்டு வீடு வந்து சேருவேன்?

— நாளைக்கும் ஊதிட்டுத்தான் உள்ள வரணும்.

— மணமே தெரியாதவகிட்ட என்னத்துக்கு ஊதணும்?

— காய்ச்சல் விட்டு எந்திரிச்சப்பவே ஊதச் சொல்லுதத நிறுத்திரலாம்னுதான் நெனச்சேன், என்னால முடியல. அந்தி ஆச்சுன்னா கையும் காலும் ஏங்குதுன்னு சொன்னியளே, எனக்கும் ஏங்கும்ங்க. அந்த ஒரு நேரந்தான் உங்க மூஞ்சி எம் மூஞ்சிகிட்ட வருது.