கருவியின் கண்ணில் காய்ந்த சந்தனம்

இந்த அவையைத் தலைமையேற்று நடத்தும் வாசகர் வட்டத் தலைவர் குணசேகரன் ஐயா அவர்களே! வந்தவர்க்கெல்லாம் நாற்காலி தேடித் தந்துவிட்டுத் தாம் மட்டும் நின்றுகொண்டிருக்கும் நூலகர் வித்யாலக்ஷ்மி அம்மா அவர்களே! சம்பா வயலில் களையெடுத்த கையோடு, காலில் சேறு காயும் முன்னே வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு எனக்காகப் பொறுத்திருக்கும் தாய்மார்களே! சுண்டலுக்காக முன்வரிசை பிடித்த தம்பி தங்கைகளே! மூன்றாம் வரிசை ஓரத்தில் வெள்ளைக்கோலை மடித்து மடிமேல் வைத்திருக்கும் வானதி அக்கா அவர்களே! பதினொன்றாம் வகுப்பு மாணவி குந்தவை உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நூலக வார விழாவில் பேச எனக்குத் தந்த தலைப்பு ‘நூலகமும் நாமும்.’ ஆறு பக்கம் எழுதினேன். அந்த ஆறு பக்கங்களையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். யாரோ பெருமூச்சு விடுவது கேட்கிறது. அவசரப்படாதீர்கள். அதற்குப் பதிலாக ஒரு குற்றத்தைக் கொண்டுவந்திருக்கிறேன்.

நம் கிளை நூலகத்துக்கு ஆடி மாதம் ஒரு வாசிப்புக் கருவி வந்தது. கழுத்து வளைந்த மேசைவிளக்குப் போல இருக்கும். விளக்கு இருக்கவேண்டிய இடத்தில் சுண்டைக்காய் அளவு ஒரு கண்ணாடி. அதுதான் அதன் கண். கீழே புத்தகத்தை விரித்து வைத்துப் பொத்தானை அழுத்தினால், பக்கத்தைப் பார்த்துத் தமிழில் சத்தமாக வாசிக்கும். பார்வையில்லாதவர்க்கு அது கருவி மட்டுமா? காது வழியாகத் திறக்கும் கதவு அல்லவா!

அந்தக் கதவைத் தேடி வந்தவர் வானதி அக்கா. பாபநாசம் பக்கத்திலிருந்து ஒற்றை ஆளாகப் பேருந்து ஏறி வருவார். குரூப் நான்கு தேர்வுக்குப் படிக்கிறார். அதுவரை பாடம் வாசித்துக் காட்டிய அத்தை மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். அக்காவிடம் இருப்பது பொத்தான் கைப்பேசி. வாழ்க்கையின் பெரிய தேர்வு வருகிறது, வாசிக்க ஆளில்லை. இந்தக் கருவி ஒன்றுதான் ஆசிரியர், தோழி, துணை எல்லாமே.

இரண்டு மாதம் வாசித்தது. பிறகு சரஸ்வதி பூஜை வந்தது.

பூஜைக்கு நூலகத்தைத் துடைத்து அலங்கரித்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி. புத்தகங்களை அடுக்கினோம், பூ வைத்தோம், பொட்டு வைத்தோம். அலமாரிக்குப் பொட்டு, ஸ்டேப்ளருக்குப் பொட்டு, ரப்பர் ஸ்டாம்புக்குப் பொட்டு, மின்விசிறி சுவிட்சுக்கும் பொட்டு. சிரியுங்கள். உங்கள் வீட்டு டிராக்டருக்கும் மிக்சிக்கும் நீங்கள் வைக்காததையா நான் வைத்துவிட்டேன்?

விஜயதசமி முடிந்து அக்கா வந்தார். பக்கத்தை வைத்தார். கருவி சொன்னது: ‘எழுத்து தெரியவில்லை. பக்கத்தைச் சரியாக வைக்கவும்.’ மறுபடி வைத்தார். மறுபடியும் அதையே சொன்னது. பக்கத்து மேசையில் நாளிதழ் படித்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கோணலாக வைத்திருப்பாய் என்றார் ஒருவர். கண் தெரியாத பிள்ளைக்கு எதற்கு இந்தச் சிரமம் என்றார் இன்னொருவர். கருவியை யாரும் சந்தேகிக்கவில்லை. அக்காவைத்தான் சந்தேகித்தோம். இரண்டு வாரம் வந்து வைத்துப் பார்த்தவர், மூன்றாவது வாரம் வரவில்லை.

பாழாகிவிடக் கூடாதே என்று கருவிக்கு உறை போட்டு மாடியில் வைத்தோம். ‘பயன்படுத்துவோர் இல்லாமையால் மாவட்டத்துக்குத் திருப்பி அனுப்பலாம்’ என்று ஒரு தீர்மானமும் தயாரானது. இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவதாக இருக்கிறது அது.

இதைக் கேள்விப்பட்டு, சென்ற ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தார். அனுப்புவதற்கு முன் ஒருமுறை தொட்டுப் பார்க்கவேண்டும் என்றார். பதினேழு படி. கோலால் ஒவ்வொன்றாகத் தட்டி ஏறினார். நான் கை நீட்டினேன். “நீ முன்னாடி போ, உன் செருப்புச் சத்தம் போதும்” என்றார். கருவியின் அடியைத் தடவினார், கழுத்தைத் தடவினார், கடைசியில் கண்ணைத் தடவிய விரல் அங்கேயே நின்றது.

“குந்தவை, இங்க என்னமோ காஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கு.”

நகத்தால் சுரண்டி முகர்ந்தார்.

“சந்தனம்டி. இதுக்குக் கண்ணு எதுன்னு தெரியாம யாரோ நெத்தின்னு நினைச்சு வச்சிருக்காங்க.”

விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யார் வைத்தது என்று கேட்டார். நான் வாயே திறக்கவில்லை.

அவையோரே! அந்தப் பொட்டை வைத்த கை இந்தக் கைதான். அக்காவிடம் அன்று சொல்லத் துணியாததை இத்தனை பேர் முன்னிலையில் சொல்கிறேன். என்னை மன்னியுங்கள், அக்கா.

என்ன சொல்கிறார்? கொஞ்சம் அமைதியாக இருங்கள்... “நீ பேசாம நின்னப்பவே தெரியும், மேல பேசு” என்கிறார்.

பேசுகிறேன். ஈரத்துணியால் துடைத்தோம். மின்சாரம் கொடுத்தோம். உறையோடு செருகியிருந்த ஒரு தாள் கைக்கு அகப்பட, அதை அக்கா கீழே வைத்தார். கருவி தெளிவாக வாசித்தது: ‘பயன்படுத்துவோர் இல்லாமையால் மாவட்டத்துக்குத் திருப்பி அனுப்பலாம்.’ தன்னை அனுப்பும் தீர்மானத்தைத் தன் வாயாலேயே வாசித்தது! அதைப் பயன்படுத்துபவரோ பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பெரியோர்களே, உங்களைக் கேட்கிறேன். மேட்டூரில் திறந்த தண்ணீர் மதகு வரை வந்து நிற்கிறது. மதகில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கிறது. கடைமடைக்கு ஒரு சொட்டும் போகவில்லை. அப்போது என்ன செய்வோம்? அடைப்பை எடுப்போமா? கடைமடையில் பயிர் செய்ய ஆளே இல்லை என்று எழுதிவைத்து ஷட்டரை இறக்குவோமா? எடுப்போம் என்கிறீர்கள். வயலுக்கு ஒரு நியாயம், வாசிப்புக்கு ஒரு நியாயமா? வாய்க்காலில் நிற்கும் நீருக்காக வரிந்துகட்டும் நாம், வாசலில் நிற்கும் வாசகருக்காக வாய் திறக்க வேண்டாமா?

தலைவர் ஐயா அவர்களே, அந்தத் தீர்மானத்தில் கோபம் இல்லை, சூது இல்லை, அறிவேன். அதற்குக் காரணமான தவறு என்னுடையது. தயவுசெய்து அதை இன்று வாசிக்காதீர்கள். கருவி மாடியிலிருந்து இறங்கட்டும். நாளிதழ் மேசைக்கு அருகே, உறையில்லாமல், பூட்டில்லாமல் இருக்கட்டும். பதினேழு படிகளை வானதி அக்கா ஏறிவிடுவார். சக்கர நாற்காலியில் வருபவர் எப்படி ஏறுவார்? இனி எது பழுதானாலும் முதலில் கேட்கவேண்டியது அதைப் பயன்படுத்துபவரை. நாளிதழ் மேசையில் இருப்பவர்களை அல்ல. கைதட்டுவதில் அந்த மேசைக்காரர்கள்தான் முந்துகிறார்கள், நன்றி!

ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்காவுக்குத் தேவையான பழைய வினாத்தாள்களை எடுத்துத் தருவேன். இது என் குற்றத்துக்கு நானே போட்டுக்கொண்ட தண்டனை. அக்கா தேர்வறைக்குள் போகும்வரை இதில் விடுமுறை கிடையாது.

அடுத்த சரஸ்வதி பூஜைக்கும் நான் வருவேன். அந்தக் கருவிக்குப் பொட்டும் வைப்பேன். ஆனால் எங்கே வைக்கவேண்டும் என்று வானதி அக்காவைக் கேட்டுவிட்டுத்தான் வைப்பேன்.

தலைவர் ஐயா நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவதை அடிக்கப் பேனாவின் மூடியைத் திறந்துவிட்டார். அவருக்கு இடம்விட்டு நான் இறங்குகிறேன். என் குற்றத்தையும் பொறுமையாகக் கேட்ட இந்த அவைக்கு என் நன்றி. அனைவருக்கும் வணக்கம்.