கூப்பிடாத கடல்

கையைக் கொஞ்சம் தூக்குங்க தம்பி. இறுக்குதா? இறுக்கத்தான் செய்யும். இன்னும் அரை மணி நேரத்துல கூப்பாட்டுக் கடலுக்குள்ள போயிடுவோம். அதுக்குள்ள கப்பல்ல இருக்குற எல்லாரையும் கட்டி முடிக்கணும். நீங்கதான் கடைசி.

என்னை யாரு கட்டுவாங்கன்னா கேக்குறீங்க? நல்லா கேட்டீங்க போங்க. என்னைக் கட்ட வேண்டாம். நான் சுக்கான் பிடிக்கிறவன். அதைக் கடக்குற ரெண்டு மணி நேரமும் கட்டு இல்லாம நிக்கிற ஒரே ஆளு நான்தான்.

முதல் தடவையா போறீங்க, இல்ல? பயப்படாதீங்க. பாத்தா கடல் மாதிரியே இருக்காது. அலை கெடையாது, காத்து கெடையாது, ஒரு பறவை கெடையாது. தட்டுல ஊத்தி வச்ச மாதிரி தண்ணி அசையாம கெடக்கும். அப்புறம் கூப்பிடும். கரையில யாரு உங்களையே நெனச்சு உருகிக்கிட்டு இருக்காங்களோ, அவங்க குரல்ல கூப்பிடும். அச்சு அசல் அதே குரல். கேட்டவன் குதிச்சிடுவான். விழுந்த சத்தம்கூட வராது. அதுக்குத்தான் இந்தக் கயிறு.

எங்க சமையல்காரரைப் பாருங்க, அதோ, கதவோரம் கட்டி வச்சிருக்கேனே. அந்த மூஞ்சியைப் பாத்தா பால் திரிஞ்சுடும். அந்த ஆளை நாலு பேரு கூப்பிடுறாங்க! பொண்டாட்டி, ரெண்டு பொண்ணு, போதாக்குறைக்கு மாமியார் வேற. மாமியார், தம்பி! எந்த ஊர்ல நடக்கும் இது? இதோ வந்துட்டேன் அத்தைன்னு தேம்பித் தேம்பி அழுவாரு. வெளிய வந்ததும் வெக்கமே இல்லாம சிரிப்பாரு. எனக்கு வயிறு எரியும்.

எனக்கா? எனக்கும் கேட்டுச்சு, ஒரு காலத்துல. கல்யாணம் ஆன புதுசுல என் வீட்டுக்காரி கூப்பிட்ட கூப்பாட்டுக்கு, இந்தக் கொடிமரத்துல முட்டிக்கிட்டேன். இங்க பாருங்க, தழும்பு இன்னும் இருக்கு. மூணு வருஷம் முன்னாடி ஒரு நாள், உள்ள போனோம், வெளிய வந்தோம். ஒண்ணுமே கேக்கல. காதுல ஏதும் கோளாறோன்னு நெனச்சேன். பழைய சுக்கான்காரருக்குக் கண்ணு மங்கிப்போயிருந்த நேரம். கேப்டனுக்கு ஒரே குஷி. கடல் கூப்பிடாத ஆளு கெடைக்கிறது லேசா? அன்னைக்கே சுக்கானைக் கையில குடுத்துட்டாரு. ஆளாளுக்கு என் தோள்ல தட்டுறாங்க. வீட்டுக்குப் போயி, இனிமே எனக்குக் கட்டே வேண்டாமாம்னு அவகிட்ட சொன்னேன். நல்லதுதானேன்னுட்டு பாத்திரம் தேய்க்கப் போயிட்டா.

திரும்புங்க. முதுகுப் பக்கம் ஒரு முடிச்சு பாக்கி.

நீங்க கடைத்தெருவுல கடிகாரம் ரிப்பேர் பண்றவர்தானே? எங்க வீட்டுச் சுவர்க் கடிகாரம் உங்ககிட்டதான் வரும். அவதான் எடுத்துக்கிட்டு வருவா. சனியன் பிடிச்ச கடிகாரம் தம்பி அது. நான் ஊர்ல இருந்தா ஒழுங்கா ஓடும். நான் கப்பல் ஏறினா நின்னுடும்.

அக்கரையிலயே கடை போடப் போறீங்களா? அப்போ திரும்பி வர மாட்டீங்க. அப்படியா.

இன்னைக்கு அவ துறைமுகத்துக்கு வந்திருந்தா, பாத்தீங்களா? மூணு வருஷமா எட்டிப் பாக்காதவ. கண்ணெல்லாம் செவந்துபோயி, கப்பல் மறையற வரைக்கும் அங்கயே நின்னா. நான் கிறுக்கன் மாதிரி ரெண்டு கையையும் ஆட்டினேன்.

ஏன் நெளியறீங்க? ஓ, என் சட்டையைப் பாக்குறீங்களா? ரெண்டு பட்டன் விழுந்து ஆறு மாசமாச்சு. ஊக்கு குத்திக்கிட்டுத் திரியறேன். தைச்சுக் குடுன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. நேரமே இல்லையாம் அவளுக்கு. பட்டன் தைக்கிறதுல அவளுக்கு ஒரு பழக்கம். எந்தக் கலர் சட்டையா இருந்தாலும் நீல நூல்தான். நாலு ஓட்டையிலயும் குறுக்கா கோத்து, அடியில மூணு சுத்து சுத்தி விடுவா. உங்க மேல்பட்டன் இருக்கே, அதே மாதிரி. கயிறு சுத்தும்போதுதான் பாத்தேன்.

ஒண்ணும் சொல்ல வேண்டாம். கயிறு நல்ல கயிறு, முடிச்சும் நல்ல முடிச்சு. ஆனா இந்தக் கப்பல்ல கத்தி வச்சிருக்கிறது நான் ஒருத்தன்தான். அதனால உள்ள போனதும், குரல் கேட்டா மத்தவங்க மாதிரி பதில் குடுத்துடாதீங்க. அவ பேரை உங்க வாயால கேட்டேன்னா என் கை என்ன பண்ணும்னு எனக்கே தெரியாது. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க.

ஆனா காது குடுத்து நல்லா கேட்டுக்குங்க, தம்பி. இறங்கும்போது எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. முன்னெல்லாம் அவ என்னை 'ஏங்க'ன்னு கூப்பிட்டா கடைசியில ஒரு இழுப்பு இழுப்பா. அது இன்னும் இருக்கான்னு சொல்லுங்க. எனக்கு அந்தக் குரலே மறந்துபோச்சு.