முதல் வரி ஆசிரியருடையது என்று வகுத்த ஆரோக்கியமணி டீச்சருக்கு

புவியியல் புகட்டிய புலமையே, பொறுமையிற் பிறழாப் பெருமையே, முப்பத்தோர் ஆண்டுகள் எங்கள் பள்ளியின் ஏழாம் வகுப்புக்கு எழிலும் ஏற்றமும் தந்த எங்கள் மூத்த தோழமையே, தம் தவற்றைத் தாமே சொல்லித் தலைநிமிர்ந்து நின்ற தகைமையே, ஆரோக்கியமணி டீச்சரே! அன்பும் வணக்கமும்.

உங்கள் பணி நிறைவுக்கான ஆங்கில மடலை முதல்வர் ராஜஸ்ரீ மேடம் வாசித்துவிட்டார்கள். மராட்டி மடலையும் இம்மன்றம் கைதட்டிக் கேட்டுவிட்டது. மூன்றாவதான இம்மடல், இந்தப் புணே விஷ்ராந்த்வாடிப் பள்ளியில் உங்களோடு பணியாற்றும் தமிழ் பேசும் ஆசிரியர் ஐவர் சேர்ந்து உங்களுக்கு எழுதியது. எங்களுள் இருவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவர்களுக்கு இதை முழுக்கச் சத்தமாக வாசித்துக் காட்டிய பிறகே கையொப்பம் வாங்கினோம். காரணம் போகப் போக விளங்கும்.

மடல் எழுதப் போகிறோம் என்றதும் நீங்கள் ஒரு நிபந்தனை விதித்தீர்கள். “அந்த அக்டோபர் கதைய விட்டுட்டு எழுதினா நான் மேடையில உக்கார மாட்டேன், சாவித்ரி.” பாராட்டு மடலில் பிழையை எழுதும் வழக்கம் எங்குமில்லை. மடலை எழுதும் சாவித்ரியாகிய நான் இரண்டு நாள் தயங்கினேன். பிறகு, அந்தப் பிழைக்குப் பின் நீங்கள் செய்ததைச் சொல்லாமல் உங்களைப் பாராட்டவே முடியாது என்பது புரிந்தது. ஆதலால் உள்ளதை உள்ளபடி சொல்கிறோம்.

ஈராயிரத்து இருபத்து நான்காம் ஆண்டு ஜூன் மாதம், எங்கள் கணினி ஆசிரியர் நிர்மல் ஒரு செயலியைக் கொண்டுவந்தார். மாணவரின் மதிப்பெண்ணையும் வருகைக் கணக்கையும் கொடுத்தால், செயற்கை நுண்ணறிவால் ரிப்போர்ட் கார்டுக்கு நான்கு வரிக் குறிப்புரையை அதுவே எழுதித் தந்துவிடும். வேண்டாம் என்று சொன்னவர் கணக்கு ஆசிரியர் முகமது ரஃபீக் சார் ஒருவர்தான். மற்ற எல்லாரும் மகிழ்ந்தோம். ஐம்பத்தாறு வயதில், உங்கள் வயதில் பாதியே ஆன நிர்மலின் அருகே ஸ்டூலைப் போட்டு அமர்ந்து, ஒவ்வொரு படியையும் நோட்டில் எழுதி, எங்கள் எல்லாருக்கும் முன்னால் அதைக் கற்றுக்கொண்டவர் நீங்கள்.

அக்டோபர் வந்தது. விடைத்தாள் திருத்தம் ஒருபுறம், விளையாட்டு விழா மறுபுறம், தேர்தல் பணிக்கான பயிற்சி வேறொருபுறம். உங்கள் வகுப்பின் நாற்பத்து நான்கு குறிப்புரைகளையும் செயலி சில நிமிடங்களில் எழுதி முடித்தது. மதிய உணவு மணிக்கும் அடுத்த வகுப்பு மணிக்கும் இடையே நாற்பத்து நான்கு கார்டிலும் கையெழுத்திட்டீர்கள்.

அவ்வகுப்பில் ஒரு சிறுமி அந்த ஜூன் மாதத்தில்தான் தாயை இழந்திருந்தாள். அவள் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அது நீங்கள் எங்களுக்குப் பழக்கிய ஒழுங்கு. அவளும் அவள் அப்பாவும் கேட்டுச் சம்மதித்த பகுதிகள் மட்டுமே இம்மடலில் உள்ளன. அந்த இறுதிச் சடங்குக்கு நீங்கள் போயிருந்தீர்கள். அவளைச் சில வாரம் உங்கள் மேசைக்கு அருகிலேயே உட்கார வைத்திருந்தீர்கள். அப்படியிருந்தும், நீங்கள் கையெழுத்திட்ட அவளுடைய கார்டில், வீட்டில் தாயார் தரும் ஊக்கம் இப்படியே தொடரட்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. பள்ளிப் பேருந்தில் அவள் அதைப் படித்தாள்.

மகர்பட்டாவில் வேலை பார்க்கும் அவள் அப்பா, மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போகாமல் பள்ளிக்கு வந்தார். குரலை உயர்த்தவில்லை. முதல்வர் மேசையில் கார்டை விரித்து, அந்த வரியின்மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டு, மகளுக்கு மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதிக் கொடுத்துச் சென்றார்.

அன்று பிற்பகல் ஆசிரியர் கூட்டத்தில் நிர்வாகம் இரண்டு முடிவுகளை முன்வைத்தது. செயலிக்குத் தடை. அதைக் கொண்டுவந்த நிர்மலுக்கு மெமோ. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நிர்மலைத் தவிர நாங்கள் எல்லாரும் தலையசைத்தோம். நானும் அசைத்தேன். ஏனென்றால் என் வகுப்பின் முப்பத்தொன்பது கார்டுகளையும் நானும் படிக்காமல்தான் கையெழுத்திட்டிருந்தேன். பழி கணினி அறையோடு நின்றுவிட்டால் எனக்கும் நிம்மதி.

அப்போது எழுந்தீர்கள். நீங்கள் ஆங்கிலத்தில் சொன்னதன் தமிழ் இது: “இயந்திரத்துக்கு அந்தக் குழந்தையைத் தெரியாது. எனக்குத் தெரியும். கையெழுத்து என்னுடையது. மெமோவை என் பெயருக்குக் கொடுங்கள்.”

அந்த நவம்பரில் துணை முதல்வர் பதவிக்கான பட்டியல் முடிவாக வேண்டியிருந்தது. அதில் முதல் பெயர் உங்களுடையது. மெமோ பெற்றவருக்கு இரண்டு ஆண்டுகள் பதவி உயர்வு இல்லை என்பது பள்ளியின் விதி. உங்களுக்கு மிச்சமிருந்த பணிக்காலம் அதைவிடக் குறைவு. இதையெல்லாம் நன்றாக அறிந்தே கேட்டீர்கள், கேட்டதைப் பெற்றீர்கள். இரண்டாம் பெயராக இருந்த நான் அப்பதவிக்கு வந்தேன். முதல் நாள் அந்த நாற்காலியில் உட்கார முடியாமல் அரை மணி நேரம் நின்றுகொண்டே கோப்பு பார்த்தேன். நீங்கள் வந்து, உட்காரு, வேலை கிடக்கிறது என்றீர்கள். அதற்கு மேல் அதைப் பற்றி நீங்கள் பேசியதே இல்லை.

மெமோ கிடைத்த அன்று மாலையே ரிக்ஷா பிடித்து விமான் நகரில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனீர்கள். கூட வருகிறேன் என்ற நிர்மலை வேண்டாம் என்று நிறுத்திவிட்டீர்கள். அங்கே நடந்ததை அந்த அப்பா சொல்லித்தான் நாங்கள் அறிவோம். கதவைத் திறந்தவர் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே, செயலி எழுதியதைப் படிக்காமல் கையெழுத்திட்டேன் என்று நீங்கள் சொன்னீர்கள். அவர் கேட்டார்: “மெசின் தப்பா எழுதிப்போடுச்சுன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பனுங்க. நீங்க எதுக்குங்க இதையெல்லாம் வந்து சொல்றீங்க?”

“மறைச்சுட்டு நாளைக்கு உங்க பொண்ணு மூஞ்சியப் பாத்துக் கிளாஸ் எடுக்க முடியாது சார்.”

உள்ளறையிலிருந்து சிறுமி வந்தாள். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. “மிஸ், நீங்களே எழுதியிருந்தா என்னப் பத்தி என்ன எழுதியிருப்பீங்க?”

முப்பது ஆண்டு அனுபவம் பெற்ற நீங்கள், “இப்ப சொல்லத் தெரியல கண்ணு. ஒரு வாரம் டைம் குடு” என்று சொல்லிவிட்டு வந்தீர்கள்.

ஒரு வாரம் அவளைக் கவனித்தீர்கள். எட்டாம் நாள், உங்கள் கைப்பட ஒரு குறிப்புரை அந்த வீட்டுக்குப் போனது. அதன் தமிழ் இது: “வகுப்பில் இப்போது கை தூக்குவதில்லை. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் விடையை நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைக்கிறாள். பெரும்பாலும் சரியாக இருக்கிறது. ஆறுகளைக் கடலில் தொடங்கி மலை வரைக்கும் பின்னோக்கி வரைகிறாள். ஏன் என்று இன்னும் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும்.” அதைப் படித்த பின் அவள் அப்பா சான்றிதழ் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இன்று அவள் எட்டாம் வகுப்பு முடித்து ஒன்பதுக்குப் போகிறாள்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் உங்களை நேர்மையாளர் என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருப்போம். ஆனால் அடுத்த திங்கட்கிழமை நீங்கள் முதல்வர் அறைக்குப் போய், செயலிக்கு விதித்த தடையை நீக்கக் கேட்டீர்கள். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தடை போட்டால் ஆசிரியர்கள் அதை விட்டுவிட மாட்டார்கள், தங்கள் கைப்பேசியில் ஒளித்துப் பயன்படுத்துவார்கள், அப்போது தவறு நடந்தாலும் யாரும் எழுந்து சொல்ல மாட்டார்கள் என்பது உங்கள் வாதம். சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரமும் நூலக அறையும் கேட்டீர்கள். ராஜஸ்ரீ மேடம் மூன்று மாதச் சோதனை என்று ஒப்புக்கொண்டார்கள்.

முதல் சனிக்கிழமை வந்தவர்கள் நான்கு பேர். திரையில் நீங்கள் முதலில் காட்டியது, அந்த வீட்டின் சம்மதத்தோடு, உங்கள் கையெழுத்தோடு போன அந்தப் பிழையான வரியை. பிறகு எங்களிடம் வெற்றுத்தாளைக் கொடுத்தீர்கள். உங்கள் வகுப்பில் ஏதாவது ஒரு குழந்தையைப் பற்றி, உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு வரியை எழுதுங்கள் என்றீர்கள். என் தாள் பதினைந்து நிமிடம் வெறுமையாகவே இருந்தது. அன்று நான் வெட்கப்பட்ட அளவுக்கு எந்தத் தேர்விலும் வெட்கப்பட்டதில்லை.

அங்கே பிறந்ததுதான் இன்று எங்கள் பள்ளியின் ஏற்கப்பட்ட நடைமுறை. குறிப்புரையின் முதல் வரி ஆசிரியருடையது; அது எழுதப்பட்ட பிறகே செயலியைத் திறக்கலாம். குழந்தையின் பெயரும் நோயும் வீட்டுச் செய்தியும் செயலிக்குள் போகக் கூடாது. கையெழுத்துக்கு முன் சக ஆசிரியர் ஒருவர் கேட்கச் சத்தமாக வாசிக்க வேண்டும். உதவி பெற்றிருந்தால் பெற்றோரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். பயன்படுத்த விரும்பாத ஆசிரியரை யாரும் வற்புறுத்தக் கூடாது. கடைசி விதியை ரஃபீக் சாருக்காகவே சேர்த்தீர்கள். அந்த மரியாதைதான் அவரைச் சனிக்கிழமைக்கு அழைத்து வந்தது. செயலி தயாரித்த பாடக்குறிப்பில் முளா-முட்டா ஆறு கோதாவரியில் கலக்கிறது என்றிருந்ததைப் பிடித்தவர் அந்தக் கணக்கு ஆசிரியர்தான். “தினம் பாலத்துல நின்னு பாக்குற ஆறு மேடம். அது பீமாவுக்குத்தான் போகும்” என்றார். அன்றிலிருந்து பிழை பிடிக்கும் பொறுப்பை அவரிடமே விட்டீர்கள்.

மூன்று மாதச் சோதனை மூன்றாவது கல்வியாண்டை எட்டப் போகிறது. இதுவரை பதினொரு பள்ளிகளின் ஆசிரியர்கள் இந்த நூலக அறைக்கு வந்து போயிருக்கிறார்கள். வினாத்தாள் அமைக்கவும், கற்க இடர்ப்படும் குழந்தைக்குப் பாடத்தை எளிய வரிகளில் மாற்றித் தரவும், ஒரே பாடத்தை மூன்று மொழிகளில் விளக்கவும் அச்சமில்லாமலும் அசட்டையில்லாமலும் அவர்கள் பழகுகிறார்கள். மெமோவை அன்று பெற இருந்த நிர்மல்தான் இன்று தொழில்நுட்பப் பகுதியை நடத்துகிறார்.

சென்ற மாதம், பணி நிறைவையொட்டி அந்த மெமோவை உங்கள் கோப்பிலிருந்து எடுத்துவிடலாம் என்று ராஜஸ்ரீ மேடம் சொன்னபோது, இருக்கட்டும், அது உண்மைதானே என்று மறுத்துவிட்டீர்கள்.

இம்மடலைப் பற்றியும் உங்கள் விதிப்படி ஒன்று சொல்லிவிடுகிறோம். செயலியிடம் ஒரு மாதிரி கேட்டுப் பார்த்தோம். அது தந்த புகழுரை எந்த ஊரின் எந்த ஆசிரியருக்கும் பொருந்தியது. ஆகவே அதில் ஒரு வரியையும் எடுக்கவில்லை. எழுத்துப்பிழை பார்க்க மட்டும் அதன் உதவியைப் பெற்றோம்.

அறிவோடு அடக்கமும் துணிவோடு கனிவும் கொண்ட எங்கள் அன்புத் தோழியே! கட்கிச் சந்தையில் அவசரமின்றிக் காய் வாங்கும் காலைகளும், கண் தெளிவும், கால் வலுவும், இனிய உறக்கமும், உற்றார் சூழ்ந்த உவகையும் பெற்று, நூறாண்டு கடந்தும் நீங்கள் நலமே வாழ எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறோம்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஔந்த் பகுதிப் பள்ளிகளிலிருந்து பதினாறு ஆசிரியர்கள் வருகிறார்கள். வகுப்பை நாங்களே நடத்துவோம். நன்றாகவே நடத்துவோம். நீங்கள் வீட்டில் ஓய்வெடுங்கள், டீச்சர்.

இங்ஙனம்,
உங்கள் பணித்தோழர்கள்
சாவித்ரி, முகமது ரஃபீக், நிர்மல், ருக்மிணி, ஹெர்பர்ட்
விஷ்ராந்த்வாடி, புணே
30 ஏப்ரல் 2026