யோசிக்காமல் அரை மணி நேரம்

"ஊசி போட்டதும் இருட்டறையில் அரை மணி நேரம் பேசக் கூடாது, படிக்கக் கூடாது, யோசிக்கவும் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார் டெக்னீஷியன். ஹப்சிகுடா ஸ்கேன் சென்டரில் முழங்கால் ஸ்கேனுக்காகக் காத்திருந்த நான், ஊசி இல்லாமலே அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

டெக்னீஷியன் அதைச் சொன்னது எதிரே, மறதிக்காக வந்திருந்த ரயில்வே ஃபிட்டரிடம்; பயம் அவர் மனைவிக்குத்தான்.

"நக்கோங்க, யோசிக்காம இருக்க வேணாம். மூளை எங்கெங்க சர்க்கரையை எரிக்குதுன்னு படம் எடுப்பாங்களாம். சும்மா இருந்தா, செத்துப்போச்சுன்னு எழுதிடுவாங்க. மனசுக்குள்ள வாய்ப்பாடு சொல்லுங்க."

"வரலேன்னா?"

"பசங்க பேரைச் சொல்லுங்க."

"அதுவும் வரலேன்னா?"

"என்னை நினைச்சுக்குங்க."

அவர் அவளையே பார்த்தார். "அப்ப நீயும் உள்ள வா. பார்த்துக்கிட்டே இருந்தாதான் ஞாபகம் நிக்கும்."

நர்ஸ் வந்து, உள்ளே ஒருவர் மட்டும்தான் என்றார்.