கோச்சின் இடது தாடை

உட்காருங்கள் மேடம். தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், மிசிசிப்பியில் அப்படித்தான் குடிப்போம். ஒரு பல் டாக்டர் இதைக் கொடுக்கலாமா என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். கொடுக்காவிட்டால் எனக்குத் தொழில் எப்படி நடக்கும்?

பல் மருத்துவ வாரியம் இவ்வளவு சீக்கிரம் ஆள் அனுப்பியதில் எனக்கு மகிழ்ச்சி. புகார் கொடுத்தவன் நான் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். கார்வர்ஸ்வில் ஊர்ப் பல் டாக்டர், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் நோயாளியின் வாயில் கை வைத்துவிட்டார். நீங்களோ அதை விட்டுவிட்டு அந்த நோயாளி கோச் டுல்லோஸின் பற்களைப் பற்றியே கேட்கிறீர்கள். சரி, சொல்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை.

பேஸ்பால் பார்ப்பதில்லை என்கிறீர்கள். போகட்டும், மன்னித்தேன். இது மட்டும் தெரிந்தால் போதும். நம் பையன் ஒருவன் முதல் பேஸில், அதாவது ஓட்டப் பாதையின் முதல் நிறுத்தத்தில், நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரணிக்காரன் பந்தெறியக் கையை ஓங்கும்போதே இவன் தலைதெறிக்க ஓடி இரண்டாவது பேஸைப் பிடித்துவிடலாம். 'பேஸ் திருடுவது' என்று அதற்குப் பெயர். எங்கள் ஊரில் பாதிரியாரே எழுந்து நின்று கைதட்டுகிற திருட்டு இது ஒன்றுதான்.

கோச் டுல்லோஸுக்கு இந்தத் திருட்டு ஆகாது. வெயில் காயும்போதும் குடையோடு வருகிற மனிதர் அவர். எங்கள் ஆல்டன் கல்லூரி அணிக்கு நாரைகள் என்று பெயர். அவர் வந்த பிறகு பையன்கள் நாரைகள் போலவே நின்ற இடத்தில் நின்றார்கள். நின்று நின்றே ஒரு ரன்னில் தோற்றார்கள். அது ஒரு வருடம் இரண்டு வருடம் அல்ல, மூன்று வருடம் நடந்தது.

நாங்கள் வலதுபக்க வேலிக்குப் பின்னால் வண்டிகளை நிறுத்திவிட்டு, விலா எலும்புக் கறியைப் புகையில் போட்டுக்கொண்டே ஆட்டம் பார்ப்பவர்கள். டயர் கடை ஹாய்ட் எங்கள் கூட்டத்தின் வாய். ஒருநாள் முதல் பேஸில் ஒரு பையன் நெடுநேரம் அசையாமல் நின்றபோது, மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஹாய்ட் சொன்னான்.

"கோச், அந்தப் பையனுக்கு அங்கயே ஒரு வீட்டக் கட்டிக் குடுத்துடுங்க. பொண்ணு நாங்க பாத்துக்கறோம்."

மூன்றாவது வருடம் முடிந்ததும் கோச்சை அனுப்பிவிடுவார்கள் என்று ஊரே நம்பியது. கல்லூரி அவரை வைத்துக்கொள்வதாக அறிவித்தது. அன்று ஹாய்ட் அடுப்பில் போட்ட கறியை மறந்து கரியாக்கினான். சிலர் வானொலியில் பேசித் திட்டினார்கள். ஒருவர் கோச்சின் வீட்டு வாசலில் குப்பையைக் கொட்டினார். நான் அப்படியெல்லாம் செய்யவில்லை. நான் பண்பானவன்.

அடுத்த சீசன் தொடங்கிய சமயத்தில் கோச் என்னிடம் வந்தார். இடதுபக்கக் கீழ்க் கடைவாயில் சின்னதாக ஒரு சொத்தை. வாயைத் திறந்து வைத்திருந்ததால் அவரால் பதில் பேச முடியவில்லை. எனவே பேஸ் திருடுவதன் அவசியத்தை எடுத்துச் சொல்ல எனக்கு நல்ல அவகாசம் கிடைத்தது. பேச்சு சுவாரசியத்தில் பல்லை அடைத்து முடித்தபோது அடைப்பு மற்ற பற்களைவிட ஒரு முடி அளவு உயர்ந்து நின்றது. தேய்த்துச் சமப்படுத்த ஒரு நிமிடம் ஆகும். நான் கை கழுவப் போய்விட்டேன்.

கடிக்கும்போதெல்லாம் அது வலிக்கும் என்று எனக்குத் தெரியும். வலித்தால் ஆள் சோர்ந்துபோவார், வேலையை விட்டுவிட்டு ஏரிக்கரையில் மீன் பிடிக்கப் போவார் என்று நினைத்தேன். அவருக்கும் அது நல்லதுதான்.

அடுத்த ஆட்டத்தில் ஓர் அதிசயம் நடந்தது. நம் அணி மட்டை பிடிக்கும்போது கோச் மூன்றாவது பேஸ் அருகே நின்று சைகை காட்டுவார். தொப்பியைத் தொடுவார், காதைத் தொடுவார், இடுப்புப் பட்டையைத் தடவுவார். பெரும்பாலும் எதிராளியை ஏமாற்றத்தான், அதற்குள் நிஜமான சைகை ஒன்றோ இரண்டோ இருக்கும். அன்று அவர் இடது தாடையைத் தடவினார். முதல் பேஸில் நின்றவன் அம்பாகப் பாய்ந்தான். மறுபடி தடவினார், இன்னொருவன் பாய்ந்தான். ஜெயித்தோம். ஹாய்ட் கறி மசாலா அப்பிய கையோடு என்னைக் கட்டிப்பிடித்தான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் அழுதேன்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. அணியில் ஓட்டத்துக்குப் பேர்போன கோல்பி என்ற மாணவன் பல் சுத்தம் செய்ய வந்திருந்தான்.

"கோச்சுக்கு என்ன ஆச்சுன்னே புரியல டாக்டர். இடது தாடையத் தொட்டா ஓடணும்னு ரொம்ப நாளாவே ஒரு சைகை இருக்கு. இத்தன நாளா ஒரு தடவகூடத் தொட்டதில்ல. இப்ப என்னடான்னா கைய எடுக்கவே மாட்டேங்கறாரு. ஓடி ஓடி எங்களுக்கு நாக்குத் தள்ளுது."

வலிக்கிற இடத்தை கோச் தடவ, பையன்கள் அதைச் சைகை என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தன் கை தாடைக்குப் போவது கோச்சுக்கே தெரியாது. அடுத்த முறை நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவராகவே சொன்னார், பையன்கள் தானாக ஓடுகிறார்களாம், ஜெயித்துவிட்டு வருகிறவர்களை எப்படித் திட்டுவது என்று பேசாமல் இருக்கிறாராம். அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைக் கொப்பளிக்கச் சொன்னேன்.

நீங்கள் கேட்கிற இடத்துக்கு வருகிறேன். பல் எதற்கும் பழகிவிடும் மேடம். வலி குறைந்தது, கோச்சின் கை தாடைக்குப் போவது குறைந்தது, ஒரு சோப்ளாங்கி அணியிடம் தோற்றோம். அந்த வாரமே அவரைப் பரிசோதனைக்கு வரச்சொன்னேன். பக்கத்துப் பல்லில் ஒரு குறையும் இல்லை. அதைக் குடைந்து அடைத்தேன், ஒரு முடி உயரமாக. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுத்தான் செய்தேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அதற்கடுத்த பல். பிறகு இன்னொன்று. எல்லாம் இடதுபக்கம்தான். வலதுபக்கத்தை நான் தொடவே இல்லை. தேவையில்லாமல் ஒருவரை ஏன் துன்புறுத்த வேண்டும்?

நாரைகள் பறந்தார்கள். ஊர் கோச்சைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. ஹாய்ட் தன் கையாலேயே கறித் தட்டைக் கொண்டுபோய் நீட்டினான். கோச் நன்றி சொல்லிவிட்டு, கடிக்க முடியாமல் திருப்பிக் கொடுத்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். எனக்கு மனது கேட்கவில்லை. உருளைக்கிழங்கு சூப் வைத்து அவர் வீட்டுக்கே எடுத்துப் போனேன். அவர் மனைவி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களைப் போல ஒரு டாக்டர் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம் என்றார். அப்படியெல்லாம் இல்லை என்று அடக்கமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகுதான் கார்வர்ஸ்வில்லில் அந்த இறுதி ஆட்டம். வலி பொறுக்காமல் காலையில் கோச் அந்த ஊர் டாக்டரிடம் போயிருக்கிறார். அந்த ஆள் நான்கு அடைப்புகளையும் தேய்த்துச் சமமாக்கி அனுப்பிவிட்டார். கடைசி இன்னிங்ஸ், ஒரு ரன் பின்தங்கியிருக்கிறோம், முதல் பேஸில் கோல்பி. கோச் இரண்டு கைகளையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டு புன்னகையோடு நின்றார். கோல்பி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நின்றபடியே ஆட்டம் முடிந்தது.

"பழைய கோச் திரும்பி வந்துட்டாருய்யா," என்று சொல்லிவிட்டு ஹாய்ட் தொப்பியைக் கழற்றி மிதித்தான்.

எல்லோரும் கோச்சைத் திட்டினார்கள். தவறு அவருடையதில்லை என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த அநியாயத்தை என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்த கையோடு உங்களுக்குப் புகார் எழுதினேன்.

ஆம், மூன்று நல்ல பற்களை வேண்டுமென்றே குடைந்தேன். நான்கையும் தெரிந்தேதான் உயர்த்தினேன். கோப்பைக்குத் தேவை என்றால் ஐந்தாவதையும் செய்திருப்பேன். அணிக்காகச் செய்தேன். கோச் மேல் எனக்குத் துளியும் வெறுப்பு இல்லை.

இதற்கிடையே கல்லூரி என்ன செய்தது தெரியுமா? இந்த வருட வெற்றிகளைப் பார்த்துவிட்டு இன்னும் நான்கு வருடம் அவரையே வைத்துக்கொள்கிறது. ஹாய்ட் யாரோடும் பேசுவதில்லை.

நேற்று கோச் வந்தார். நீங்கள் இருக்கும் அதே இடத்தில்தான் உட்கார்ந்தார். அடைப்புகள் உயரமாக இருந்ததைக் கார்வர்ஸ்வில்காரர் அவரிடம் சொல்லியிருக்கிறார். என் கை தவறிவிட்டது என்று கோச் நினைத்துக்கொண்டார். தொப்பியை மடியில் வைத்துத் திருகிக்கொண்டே பேசினார்.

"டாக்டர மாத்துங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. வீட்லயும் அதேதான். நான் முடியாதுன்னுட்டேன். என்ன, நாலு பல்லு சரியா வரல, அவ்வளவுதானே? எனக்கு மூணு வருஷம் சரியா வரல. அப்பவும் என்னய வெச்சுக்கிட்டாங்கல்ல? நானும் உங்கள வெச்சுக்கறேன் டாக்டர்."

சொல்லிவிட்டு, அடுத்து எப்போது வரட்டும் என்று கேட்டார்.

மேடம், இவ்வளவு நாளில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது அப்போதுதான். நீங்களே சொல்லுங்கள். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று இந்த அளவுக்குத் தெரியாத மனிதரிடமா ஓர் அணியை ஒப்படைப்பது?