முன்தெருத் தார் பின்தெருவுக்குப் போன விவரம்

பெயரும் தகப்பனார் பெயரும் முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்து நான்கு. தொழில், முட்டை வியாபாரம். முகவரி, பின்தெரு, கடைசிக்கு முந்தின வீடு. தெருவில் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது, முட்டைக்காரி வீடு என்று கேட்டால் வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் போவார்கள் என்பதை, இனி சம்மன் கொண்டுவருபவரின் வசதிக்காகச் சொல்லிக்கொள்கிறேன்.

மேற்படி முகவரியில் என் கணவருடனும் அவர் தங்கையுடனும் வசித்து வருகிறேன். முன்தெருவுக்கு ஒதுக்கப்பட்ட சாலையை நான் திருடிவிட்டதாக எங்கள் வார்டு உறுப்பினர் அம்மா கொடுத்த புகார் இந்தக் காவல் நிலையத்தில் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. கேட்டதும் நான் சிரித்தேன். அதையும் எழுத வேண்டுமா என்று எழுத்தர் கேட்டார். தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

எங்கள் பின்தெருவில் போன வருடம் ஜல்லி கொட்டி ரோலர் ஓட்டினார்கள். தார் போட வேண்டிய சமயத்தில், அந்தப் பணம் குளத்தைச் சுற்றி நடைபாதை போடுவதற்கு மாற்றப்பட்டுவிட்டது என்று நகராட்சியில் சொன்னார்கள். நடைபாதை அழகாகத்தான் இருக்கிறது, நானே போய் நடந்து பார்த்தேன். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து அங்கே போய்ச் சேருவதற்குள் செருப்பு அறுந்துவிடுகிறது. அதன் பிறகு இந்த வருடம் எங்களுக்குத் தார் வரும் என்று காத்திருந்தபோது, ஏற்கெனவே தார் போட்டு நன்றாக இருக்கும் முன்தெருவுக்கே மறுபடியும் தார் போடுவது என்று நகராட்சிக் கூட்டத்தில் தீர்மானம் ஆனது. காரணம் கேட்டதற்கு, முன்தெருவில் கார் நிறுத்த வெள்ளைக் கோடு போடப் போகிறோம், புதுத் தார் என்றால்தான் கோடு எடுப்பாகத் தெரியும் என்றார்கள்.

அதே கூட்டத்தில் இன்னொரு தீர்மானமும் ஆனது. அந்த வாரத்தில் ஏதாவது ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் அலுவலர் வந்து கணக்கெடுப்பார், அப்போது எந்த இடத்தில் யாருடைய வண்டி நிற்கிறதோ அந்த இடம் அவருக்கே நிரந்தரமாக ஒதுக்கப்படும் என்பதுதான் அது. இதைக் கேட்ட நாளிலிருந்து முன்தெருவில் ஒரு கார்கூட நகரவில்லை. வேலைக்குப் பஸ்ஸில் போனார்கள். எங்கோ கிடந்த டயர் இல்லாத கார் ஒன்றைக் கட்டி இழுத்து வந்து, செங்கல் மேல் ஏற்றி, தன் வாசலில் நிறுத்திக்கொண்டார் ஒருவர். இரண்டு தீர்மானத்துக்கும் கை தூக்கிய உறுப்பினர் அம்மாவின் வெள்ளைக் காரும், அடுத்த வீட்டுப் பல் டாக்டரின் சிவப்புக் காரும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு நின்றன.

இனி என் நிலைமை. மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் முட்டை ட்ரேக்களை அடுக்கி, பின்தெரு வழியாக முன்தெருவுக்கு ஏறி, பெரிய ரோட்டில் உள்ள பேக்கரிக்குக் கொண்டுபோவதுதான் என் பிழைப்பு. அந்த ஜல்லியில் எவ்வளவு பொறுமையாக மிதித்தாலும் தினமும் நாலைந்து உடையும், உடைந்தது கீழ் ட்ரே வரை ஒழுகும். சம்பவத்துக்கு முதல் நாள் பேக்கரி முதலாளி என்னை நிறுத்தி, "இன்னொரு தடவை ஒழுகின ட்ரே வந்துச்சுன்னா கோவிச்சுக்காதம்மா, நான் வேற ஆளப் பாத்துக்குவேன்" என்றார். அவர் நல்ல மனிதர், அதனால்தான் சொல்லிவிட்டுச் செய்கிறார். அந்த ஒரு கடை போனால் எனக்கு வியாபாரமே போன மாதிரி.

இந்த உடைசலால் வீட்டிலும் சண்டை. ட்ரேக்களை அடுக்குவது என் நாத்தனார், வண்டி ஓட்டுவது நான். அடுக்கின லட்சணம் என்று நான் ஒரு நாள் சொல்ல, ஓட்டின லட்சணம் என்று அவள் சொல்ல, அதன் பிறகு ஒரு மாத காலமாக இருவருக்கும் பேச்சு இல்லை. உப்பு வேண்டும் என்றால்கூட என் கணவர் மூலமாகத்தான் கேட்டுக்கொண்டோம். மனிதர் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தே இளைத்துவிட்டார்.

சம்பவத்தன்று காலை நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஜல்லியைத் தாண்டி முன்தெரு முனைக்கு வந்தபோது, தார்க் கலவை ஏற்றிய டிப்பர் லாரி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் ரோலர், அதற்குப் பின்னால் வேலையாட்கள். நான் இறங்கி ட்ரேக்களைப் பார்த்தேன். ஓரத்தில் மஞ்சளாக ஒழுகியிருந்தது. இதைக் கொண்டுபோனால் இன்றோடு முடிந்தது என்று தெரிந்ததால், பேக்கரிக்குப் போன் செய்து நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு, போகவும் மனமில்லாமல் திரும்பவும் மனமில்லாமல் அங்கேயே நின்றேன்.

அதன் பிறகு நடந்ததை என் கண்ணால் பார்த்தேன். தார் மேஸ்திரி ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டி, காரை எடுக்கச் சொல்லிக் கேட்டார். எல்லோரும் மரியாதையாகவே பதில் சொன்னார்கள், அடுத்த வீட்டுக்காரர் எடுத்தால் நானும் எடுக்கிறேன் என்று. உறுப்பினர் அம்மா வெளியே வந்து, "எல்லாரும் வண்டிய எடுங்க, ஊர் வேலைக்கு ஒத்துழைக்க வேண்டாமா?" என்று சத்தம் போட்டார். பல் டாக்டர் மாடியில் நின்றபடியே, "நீங்க முதல்ல எடுங்கம்மா, நாங்க பின்னாலேயே வர்றோம்" என்றார். அம்மா தன் காரைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மேஸ்திரி தார்ப்பாயைத் தூக்கிக் கலவைக்கு மேலே உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். நகராட்சிப் பொறியாளருக்குப் போன் போட்டார். அவர் கார் நிறுத்துமிடம் பற்றிய கூட்டத்தில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்கள். மேஸ்திரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "சூடு போச்சுன்னா இது கல்லும்மா. அப்புறம் லாரியிலேருந்து வெட்டித்தான் எடுக்கணும்" என்று, கேட்க வேறு ஆள் இல்லாமல், என்னிடம் சொன்னார்.

இந்த இடத்தில் என் மனதில் உள்நோக்கம் இருந்ததா என்று ஆய்வாளர் ஐயா கேட்டார். இருந்தது.

நான் மேஸ்திரியிடம், "அண்ணே, எங்க தெருவுல ஒரு வண்டி கிடையாது. ஜல்லி போட்டு ரோலர் ஓட்டி ரெடியா வச்சிருக்கு. தார் ஒண்ணுதான் பாக்கி" என்றேன். அவர், "ஆர்டர்ல முன்தெருன்னு போட்டிருக்கேம்மா" என்றார். நான், "தாருக்குப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டேன். அவர் ஆர்டர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு லாரி டிரைவரிடம், "இங்க திருப்ப எடமில்ல. அந்தம்மா கை காட்டுற பக்கம் ரிவர்ஸ்ல போய்த் திருப்பு" என்றார். திருப்பத்தான் சொன்னார் என்பதை அவருக்குச் சாதகமாக எழுதிக்கொள்ள வேண்டும். கை காட்டியது நான். லாரி வர வர, வா, வா, வா என்று சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தேன், எங்கள் தெரு நடு வரைக்கும் வா என்றே சொன்னேன். ஒரு தடவைகூடத் திருப்பு என்று சொல்லவில்லை.

அதன் பிறகு, முன்தெரு முனையில் நின்ற "சாலைப் பணி நடைபெறுகிறது" என்ற பலகையை எங்கள் தெருவுக்கு எடுத்து வரப் போனேன். இரும்புப் பலகை, ஒற்றை ஆளால் ஆகவில்லை. இழுத்துக்கொண்டிருந்தபோது மறு பக்கம் லேசானது. நிமிர்ந்து பார்த்தேன், நாத்தனார் பிடித்திருந்தாள். "அண்ணி, உங்க பக்கம் தாழுது, தூக்குங்க" என்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். பலகை அதன் பிறகு கனக்கவே இல்லை. அதை எடுத்தது குற்றம் என்றால் பாதிக் குற்றம் அவளுடையது, அவளும் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

மேஸ்திரி கலவைக்கு மேலே இன்னொரு தடவை கையை நீட்டிப் பார்த்தார். தார் கொட்ட ஆரம்பித்ததும் தெருவே வெளியே வந்துவிட்டது. முதலில் யாரும் நம்பவில்லை. யார் சொல்லி வந்தது என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். அதன் பிறகு கேட்பதை விட்டுவிட்டுத் துடைப்பத்தை எடுத்து வந்து, வேலையாட்களுக்கு முன்னால் புழுதியைப் பெருக்கிக்கொண்டே போனார்கள். ரோலர் உருளையில் தார் ஒட்டாமல் இருக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று மேஸ்திரி சொன்னதுதான் தாமதம், வீட்டுக்கு வீடு குடமும் வாளியும் வந்தன. ரோலர் டிரைவர், "போதும், போதும், என்னையே குளிப்பாட்டி விட்டுருவீங்க போலிருக்கு" என்று கத்தினார். சூடும் புகையுமாக அந்த வாடை மூக்கில் ஏறியது. அதைப் போல் நல்ல வாடையை நான் என் வாழ்நாளில் முகர்ந்ததில்லை. எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான் வந்தது. உடைந்த முட்டைகளை நாத்தனார் பொரித்து வேலையாட்களுக்குக் கொடுத்தாள். புகாரில் லஞ்சம் என்று குறிப்பிட்டிருப்பது இதைத்தான்.

பாதித் தெரு முடிந்தபோது உறுப்பினர் அம்மா, "நிறுத்துங்க! அது எங்க ரோடு!" என்று சொல்லியபடி ஓடி வந்தார். காரை எடுக்க முடியாததால் நடந்தே வந்திருந்தார். வந்த வேகத்தில் புதுத் தாரில் இறங்கிவிட்டார். கால் வந்தது, இடது செருப்பு வரவில்லை. நான் செருப்பைப் பறித்ததாகப் புகாரில் உள்ளது உண்மையல்ல, அதைப் பிடித்துக்கொண்டது தார். அம்மா கால் சுடாமல் தப்பினார், நான்தான் கை கொடுத்து மேலே ஏற்றினேன், நாத்தனார் தண்ணீர் ஊற்றினாள். செருப்பை எடுப்பதற்குள் ரோலர் அந்த இடத்துக்கு வந்துவிட்டது.

அதன் பிறகு அம்மா முன்தெருவுக்குத் திரும்பிப் போனார், நானும் பின்னாலேயே முனை வரை போய் நின்றேன். அம்மா விஷயத்தைச் சொல்ல, அங்கே எல்லோருக்கும் ரத்தம் கொதித்துவிட்டது. நகராட்சிக்கு மொத்தமாகப் போய் நியாயம் கேட்பது என்று முடிவாயிற்று. ஒருவர் மட்டும் காரை எடுத்தால் இன்னொருவர் இடத்தைப் பிடிப்பார், எல்லோரும் சேர்ந்து எடுத்தால் யார் பிடிப்பது என்ற யோசனை அப்போதுதான் அவர்களுக்கு வந்தது. பல் டாக்டர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண, டயர் உள்ள அத்தனை கார்களும் ஒரே நேரத்தில் கிளம்பிப் போயின. இந்த ஒற்றுமை காலையிலேயே வந்திருந்தால் தார் அவர்களுக்குத்தான் கிடைத்திருக்கும், நான் குறுக்கே நின்றிருக்கவே முடியாது.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் கணக்கெடுக்கும் அலுவலர் வந்தார். தெரு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் காலியாகக் கிடந்தது. செங்கல் மேல் நின்ற காரை மட்டும் சுற்றி வந்து குறித்துக்கொண்டார். இந்தத் தெருவில் வண்டி இவ்வளவுதானா என்று என்னைக் கேட்டார். இப்போதைக்கு இவ்வளவுதான் சார் என்றேன். அது அந்த நேரத்தில் உண்மை. அந்த அலுவலரை நான் வரவழைத்ததாகச் சொல்வது பொய், அவரை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. முன்தெருவில் இப்போது சட்டப்படி நிரந்தர இடம் உள்ள ஒரே வண்டி அந்த டயர் இல்லாத கார்தான் என்று கேள்விப்பட்டேன். அதற்காக நான் வருத்தப்பட்டேனா என்று கேட்டால், முயற்சி செய்தேன், வரவில்லை.

மறுநாள் காலை நாத்தனார் அடுக்கினாள், நான் ஓட்டினேன். வண்டி சத்தமே இல்லாமல் போனது. பேக்கரி முதலாளி ஒவ்வொரு ட்ரேயாகத் தூக்கி அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். கை ஈரமாகவில்லை. "என்னம்மா, கோழிய மாத்திட்டியா?" என்றார். "ரோட்ட மாத்திட்டேன்" என்றேன். அடுத்த நாளிலிருந்து இன்னும் நாலு ட்ரே சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார். வீட்டுக்கு வந்து, "அடுக்கினதும் சரி, ஓட்டினதும் சரி" என்று நாத்தனாரிடம் நானே நேரில் சொன்னேன். என் கணவர் இப்போது வேலை இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

திருட்டுப் பொருள் இப்போது எங்கே இருக்கிறது என்று ஆய்வாளர் ஐயா கேட்டார். பின்தெருவில் இருக்கிறது. மறைத்து வைக்கவில்லை. மீட்டுக்கொண்டு போக வேண்டுமென்றால் கடப்பாரையோடு வர வேண்டும். உறுப்பினர் அம்மாவின் செருப்பும் அதற்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது.

இன்று இந்த விசாரணைக்கு வரும்போது, முடிந்ததும் அப்படியே பேக்கரிக்குப் போகலாம் என்று முட்டை வண்டியோடு வந்தேன். பின்தெருவில் ஒன்றும் உடையவில்லை. இந்தக் காவல் நிலைய வாசலில் உள்ள பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியபோது மூன்று உடைந்தன. இது வழக்குக்குச் சம்பந்தம் இல்லாதது, எழுத வேண்டாம் என்று ஆய்வாளர் ஐயா சொன்னார். எழுதாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். ஐயா எழுந்து வாசல் வரை போய்ப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு வந்தார். தினமும் அவருடைய ஜீப்பும் அதில்தான் இறங்குகிறது போலும். திரும்பி வந்து உட்கார்ந்து, எழுத்தரைப் பேனாவைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, "அந்த மேஸ்திரி இப்ப எந்தத் தெருவுல வேலை செய்றார்மா?" என்று கேட்டார். எழுத்தர் பேனாவை வைக்கவில்லை.

இதுவரை எழுதியது முழுவதும் எனக்கு உரக்கப் படித்துக் காட்டப்பட்டது. படிக்கும்போது எழுத்தர் இரண்டு இடங்களில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். நான் சொன்னது இதுதான், நடந்தது இதுதான், யாரும் மிரட்டிச் சொல்லவைக்கவில்லை. கீழே உள்ளது என் கையெழுத்து. அதன் பக்கத்தில் உள்ள மஞ்சள் கறை திருத்தம் அல்ல, நிலைய வாசலில் உடைந்த முட்டை.